ஒரு நாளும் விடாமல்

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

போனில் என்னைத் தடுத்துவிட்டாய். மெசேஜிலும் தடுத்துவிட்டாய். குரலில் பேசிக்கொள்ளும் அந்த ஆப்பில் நீ நடத்தும் ரூமுக்குள் கால் வைக்கப் போனால், எனக்கு அனுமதி இல்லை என்று சிவப்பு எழுத்தில் வருகிறது. மெயிலை மட்டும் மறந்துவிட்டாய். கோபத்திலும் எதையாவது ஒன்றை அரைகுறையாக விட்டுவைப்பது உன் பழக்கம், அதனால் பிழைத்தேன்.

சனிக்கிழமை நான் பேசியது தப்பு. முந்நூறு பேர் கேட்டுக்கொண்டிருந்தபோது மைக்கைத் திறந்து, "அக்கா, இது பிச்சை எடுக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்லியிருக்கக் கூடாது. தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். பார், மன்னிப்புக் கேட்க உட்கார்ந்தவன் அதையே திரும்பவும் சொல்கிறேன். நீ என்னை வக்கீல் என்று கூப்பிடுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் என் பக்கத்தையும் கேள். நீ கதை வாசிப்பாய் என்று சொன்னதால்தான் வந்தேன். ஆறு மணிக்கு ரூமைத் திறந்ததும் நீ பேர் படிக்க ஆரம்பித்தாய். தினமும் வந்து பரிசு அனுப்பித் தங்கக் கிரீடம் வாங்கியவர்கள் முதலில், அடுத்து வெள்ளி, அப்புறம் ஒன்றும் இல்லாதவர்கள். ஒவ்வொருவரும் "வந்தாச்சு" என்று சொல்லும்வரை காத்திருந்தாய். பன்னிரண்டு நிமிஷம் போய்விட்டது. நடுவில் யாரோ ஒருவர் ரோஜாப் படம் ஒன்றை அனுப்ப, அவருக்கு ஏழு தடவை நன்றி சொன்னாய். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நம் அம்மா பெற்ற பெண் ஒரு படத்துக்கு இப்படிக் குழைய வேண்டுமா?

இந்த வெளிநாட்டில் நான் வேலை செய்யும் சலவைக்கூடத்தில் இதைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடிக்கும் மேஜையில் என் பக்கத்தில் நிற்கிறவள், "எங்க ஊர்ல ஒருத்தர் நாலு பேர் முன்னால பொருள் குடுத்தா, அதே அளவு திருப்பிக் குடுக்கணும். முடியலேன்னா கை நீட்டவே மாட்டோம்" என்றாள். இஸ்திரி மிஷினில் நிற்கும் பெரியவரோ, "வளர்ந்த ஆளுக்குக் கிரீடம் குடுக்கிறது அவமானம். எங்க ஊர்ல அதைப் பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குத்தான் குடுப்போம்" என்றார். லாரியில் மூட்டை ஏற்றுகிறவன் மட்டும் சிரித்தான். அவன் ஊரில் வேடிக்கைக்காகக் கழுதைப் படத்தை அனுப்பிவிட்டு, மறுநாள் ஆப்பையே அழித்துவிடுவார்களாம். இந்த ஊர் ரூம்களில் நல்ல மதிப்புள்ளவர்கள், பரிசு வேண்டாம், கேட்டால் போதும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நீயும் அப்படிச் செய்தால் என்ன?

கோபம் தணிந்தால் எழுது. தணியாவிட்டாலும் எழுது.

உன் தம்பி

---

மார்ச் 9

வக்கீலுக்கு,

பன்னிரண்டு நிமிஷம், ஏழு நன்றி. கணக்கு சரியாகத்தான் எடுத்திருக்கிறாய். அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில் யார் யார் இருந்தார்கள் என்று ஒரு தடவையாவது காது கொடுத்தாயா?

முதல் பேர் கண்டக்டர் ஐயாவுடையது. முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். அத்தனை வருஷத்தில் ஒரு பயணிகூடத் தன் பேரைக் கேட்டதில்லை என்று சொல்வார். இப்போது இடுப்பு ஒடிந்து படுக்கையில் கிடக்கிறார். அவர் பேரை நான் முதலில் படிக்கும்போது, மைக்கில் அவர் மூச்சை இழுத்துவிடுவது கேட்கும். அதற்குப் பேர் பிச்சையா? நீ அன்றைக்குப் பேசியதும் அவர்தான், "தம்பி சின்ன வயசு, விட்டுடுங்கம்மா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இதற்காக உன்னை இன்னும் மன்னிக்கவில்லை.

எழுதக் காரணம் வேறு. எனக்குக் குரல் போய்விட்டது. இரண்டு மாதமாகக் கரகரத்துக்கொண்டிருந்தது, தொண்டை டாக்டரிடம் போனேன். குரல் நாணில் இரண்டு பக்கமும் முடிச்சு விழுந்திருக்கிறதாம். இரண்டு மாதம் வாயைத் திறக்கக் கூடாது, குசுகுசுவென்று பேசினால் இன்னும் மோசம் என்று சொல்லிவிட்டார். கேட்காவிட்டால் குரல் நிரந்தரமாகப் போய்விடுமாம். கடையில் கஷ்டமில்லை. பின்னறையில் உட்கார்ந்து கண்ணாடி லென்ஸ் தேய்க்கிறவள் யாரோடு பேசப்போகிறேன்? உன் மாமாவுக்கோ ஏக சந்தோஷம். வீடு இவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என்னிடமே நீட்டுகிறார்.

ஆனால் ரூமை நிறுத்த முடியாது. இது உனக்குப் புரியாது, இருந்தாலும் சொல்கிறேன். ரூம் தொடர்ந்து நடக்கும்வரை எங்கள் வீட்டின் மேல் ஒரு விளக்கு எரியும். வீடு என்றால் ஆப்பில் நாங்கள் நாற்பத்து மூன்று பேர் சேர்ந்த குழு; மற்றவர்கள் சும்மா கேட்டுவிட்டுப் போகிறவர்கள். என் கணக்கிலிருந்து ஒரு நாள் ரூம் திறக்காவிட்டால் விளக்கு அணைந்துவிடும். அத்தனை பேருடைய கிரீடமும் கடைசிப் படிக்கு இறங்கிவிடும். இன்றைக்கு அறுநூற்றுப் பதினோராவது நாள். சித்தி மகள் கல்யாணத்தில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேர் படித்தேன். அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று, நான் மருந்து வாங்கப் போயிருக்கிறேன் என்று நீங்கள் எல்லோரும் நினைத்தீர்கள். ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து நாற்பத்து மூன்று பேரையும் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா கண்விழித்ததும் முதலில் என்னைத்தான் தேடினாளாம்.

தொண்டை விஷயத்தை அவர்களிடம் எழுதிச் சொன்னேன். எல்லோரும் தங்கமானவர்கள். "நல்லா ரெஸ்ட் எடுங்கம்மா" என்றார்கள். அடுத்த வரியிலேயே, "விளக்கை மட்டும் பாத்துக்கங்க" என்றும் போட்டார்கள். யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை. யாராவது கட்டிப்போட்டிருந்தால் அவர்களிடம் சண்டையாவது போட்டிருப்பேன்.

என் ஆறு மணி உனக்குப் பகல் சாப்பாட்டு வேளை. இரண்டு மாதம் என் கணக்கில் நுழைந்து நீ பேர் படிக்கிறாயா? கேட்கவே நாக்கு கூசுகிறது. வேறு யாரிடம் கேட்பேன்? பாஸ்வேர்டு கீழே இருக்கிறது. இந்த இரண்டு மாதமாவது கதை கட்டாமல், சொன்னதைச் செய்.

அக்கா

---

மார்ச் 21

அக்கா,

முதல் வாரம் ஒழுங்காகத்தான் போனது. அதற்கப்புறம் நடந்ததை வேறு யாராவது சொல்லிக் கேட்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

சாப்பாட்டு வேளை அரை மணி நேரம்தான். விரிப்புகள் அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் சத்தம் கேட்காது. ஏழு நாள் நீ சொன்னபடியே படித்தேன். எட்டாம் நாள் என் புத்தி வேலை செய்தது. அக்காவின் பேரைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டுவோம் என்று நினைத்து, அமைப்புகளுக்குள் போய்ப் பரிசு வாங்குவதை அணைத்துவிட்டேன். இந்த ஊரில் அது பெருந்தன்மை. அதோடு நிற்காமல், "இன்னிக்கு முதல் எல்லாரும் சமம், வந்த வரிசையில பேர் படிக்கிறேன்" என்று அறிவித்தேன். கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

பொத்தானை அணைத்தவுடன் ஆப் நாற்பத்து மூன்று பேருக்கும் தானாகவே ஒரு செய்தி அனுப்பும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? வீட்டுத் தலைவர் உங்கள் பரிசை ஏற்க விரும்பவில்லை என்று போயிருக்கிறது. கண்டக்டர் தினமும் முதலில் அனுப்பும் இலவச ரோஜா அவருக்கே திரும்பிப் போய்விட்டது. அன்று அவர் பேரை நான் பத்தொன்பதாவதாகப் படித்தேன். "வந்தாச்சு" வரவில்லை. இரண்டாவது தடவையும் கூப்பிட்டேன். ரூமுக்கு வரும் மருந்துக்கடை அக்காதான், "அவர் போயிட்டாரு தம்பி" என்று சொன்னார். அதற்கப்புறம் ஒவ்வொருத்தராக நழுவிவிட்டார்கள். கடைசியில் நானும் முந்நூறு விரிப்புகளும் மட்டும்தான் மிச்சம்.

நான் நல்லதுதான் நினைத்தேன். இங்கே இதைச் செய்தால் மரியாதை. அங்கே அது எப்படிக் கதவைச் சாத்தியதாக ஆகும்? எனக்கு இன்னும் விளங்கவில்லை. விளக்கு எரிகிறது, அது போதாதா?

தம்பி

---

மார்ச் 23

டேய்,

வெள்ளிக்கிழமை கண்டக்டர் ஐயா எனக்குப் போன் செய்தார். அந்தச் சமயத்தில் உன் கடிதம் வரவில்லை, எனக்கு ஒன்றும் தெரியாது. எடுத்தேன். "நான் என்னம்மா தப்பு பண்ணினேன்? சொல்லிட்டீங்கன்னா திருத்திக்குவேன்" என்றார். நான் வாய் திறக்கக் கூடாது. அவர் காத்திருந்தார். என் தொண்டை விஷயம் அவருக்குத் தெரியும், ஆனாலும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. பேசப் பிடிக்காமல்தான் சும்மா இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, போன வருஷம் நடந்தது, அதற்கு முந்தின வருஷம் நடந்தது என்று ஒவ்வொன்றுக்கும் மன்னிப்புக் கேட்டார். இருபது நிமிஷம். கையிலிருந்த லென்ஸால் போனில் தட்டித் தட்டிப் பார்த்தேன். அதற்கு அவர் என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டாரோ. மெசேஜ் அனுப்பலாம் என்றால் அவருக்குச் சின்ன எழுத்து கண்ணுக்குத் தெரியாது.

உன் ஊரில் பரிசு வாங்காதவன் பெரிய மனுஷன். இங்கே கொடுத்ததை வாங்காவிட்டால், நீ யாரோ நான் யாரோ என்று சொன்னதாக ஆகும். எல்லோரும் சமம் என்றாயே, ஒரு வரிசையில் முதல் இடத்துக்காக அறுநூறு நாள் வந்து உட்கார்ந்த மனுஷனைப் பத்தொன்பதாவதாக நிறுத்திவிட்டு, சமம் என்று எப்படிச் சொல்வாய்?

நாளைக்குப் பரிசைத் திறந்துவிடு. அவர் பேரை முதலில் படி. எல்லோர் காதிலும் விழ மன்னிப்புக் கேள். உன் வாதமெல்லாம் வேண்டாம்.

இன்னொன்று. இதை உன்னிடம்தான் சொல்ல முடியும். முதல் பத்து நாள் ஆறு மணியானால் கை தானாகப் போனைத் தேடியது. நேற்று ஆறு மணிக்குக் கடையிலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தேன். வழியில் ஒரு பூங்கா இருக்கிறது. இரண்டு வருஷமாக இந்தத் தெருவில் போகிறேன், அது இருப்பதே எனக்குத் தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றேன். யாருக்கும் நன்றி சொல்லவில்லை. ரொம்ப சுகமாக இருந்தது, அதை நினைத்தால் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

அக்கா

---

ஏப்ரல் 17

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். இன்றைக்கு அறுநூற்று ஐம்பது.

மன்னிப்புக் கேட்ட அன்றைக்கு நடந்ததை உனக்குச் சொல்லவேயில்லை. ஐயாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "தெரியாம பண்ணிட்டேன், நீங்கதான் முதல்ல" என்றேன். மைக்கில் அவர் மூச்சை இழுத்துவிடுவது கேட்டது. அப்புறம், "வந்தாச்சு தம்பி" என்றார். உடனே கிரீடப் பரிசுகள் மழையாகக் கொட்டின. ஏழு கிரீடம். திரை முழுக்கத் தங்கம். நான் விரிப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தேன், எழுந்து நின்றுவிட்டேன். பதினாலு வருஷமாக இங்கே வேலை செய்கிறேன். என் முதுகில்கூட ஒருத்தர் தட்டியதில்லை.

இப்போது நாம் ஐம்பத்தெட்டு பேர். பேர் படிக்க மட்டும் இருபது நிமிஷம் ஆகிறது. கதை வாசிக்க நேரம் போதாததால் நிறுத்திவிட்டேன். யாரும் கேட்கவில்லை. வரிசையில் ஒவ்வொருத்தருக்கும் தனியாக ஒரு வார்த்தை சொல்கிறேன், அதுதான் பிடித்திருக்கிறதாம். மேற்பார்வை அம்மா இரண்டு தடவை கதவைத் தட்டிவிட்டாள். அரை மணி ஒரு மணியாகிறது இல்லையா, அதற்காக. அது ஒன்றும் பெரிய விஷயமில்லை.

தொண்டையைப் பார்த்துக்கொள். அவசரப்படாதே.

தம்பி

---

மே 12

அன்புள்ள தம்பி,

நேற்று டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். முடிச்சுகள் கரைந்துவிட்டன. ஒரு நாளைக்கு அரை மணி பேசலாமாம். கூட்டத்தில் பேசுவது, உரக்க வாசிப்பது எல்லாம் இனி ஜென்மத்துக்கும் கூடாது என்றார். முதல் வார்த்தையாக உன் மாமாவைக் கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்த்து, யார் வந்திருக்கிறார்கள் என்று வாசலைப் பார்த்தார். அவ்வளவு மாறியிருக்கிறது. பழைய குரலில் பாதிதான், அடியில் ஏதோ கனத்துக் கிடக்கிறது. பரவாயில்லை, என்னுடையதுதானே.

நான் முடிவு செய்துவிட்டேன். ரூமை மூடிவிடலாம். நானே வந்து சொல்கிறேன். ஐயாவுக்குத் தினமும் போன் செய்து ஐந்து நிமிஷம் பேசுவேன், இதை முன்பே செய்திருக்கலாம். மற்றவர்களுக்கு ஒரு நாள் வருத்தம் இருக்கும். அப்புறம் பழகிவிடும். நான் பழகிக்கொண்டேன். தினமும் நடக்கிறேன். அம்மாவோடு நேற்று ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், போனைக் கையில் எடுக்கவில்லை. "என்னடி, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை கடைசி நாளாக இருக்கட்டும். என் கணக்கில் நுழையப் பார்த்தேன், பாஸ்வேர்டு தப்பு என்கிறது. மாற்றினாயா? அனுப்பு. இதையெல்லாம் தலையில் போட்டுக்கொண்டதற்கு உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஏழு தடவை சொல்லட்டுமா?

அக்கா

---

மே 20

அக்கா,

நீ ஐந்து தடவை போன் செய்ததைப் பார்த்தேன். ரூமில் இருந்தேன்.

பாஸ்வேர்டை மாற்றினேன், உண்மைதான். நுழையும் ஒவ்வொரு தடவையும் உன் போனுக்குச் சரிபார்க்கும் குறியெண் போய்க்கொண்டிருந்தது, அதனால் நம்பரையும் என்னுடையதாக மாற்றிவிட்டேன். பாதுகாப்புக்காகத்தான். வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே.

வெள்ளிக்கிழமை மூட முடியவில்லை. ஜூன் ஆறாம் தேதி எழுநூறாவது நாள். எழுநூறு முடிந்தால் இப்போதுள்ள எழுபத்தொரு பேருக்கும் ஒரு படி நிரந்தரமாகிவிடும். அப்புறம் விளக்கு அணைந்தாலும் அதற்குக் கீழே இறங்காது. இன்னும் பதினேழு நாள்தான். ஐயா இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார், நர்ஸ் அவர் காதில் போனை வைக்கிறாளாம். அந்த மனுஷனிடம் போய் நாளைக்கு மூடுகிறேன் என்று நீயே சொல்லு பார்ப்போம்.

என்னைச் சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குத் துணி பிரிக்கும் பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். நாற்றம்தான், ஆனால் அங்கே யாரும் வர மாட்டார்கள். மைக்குக்கு நல்ல இடம். மடிப்பு மேஜைக்காரி நேற்று வாசலில் நின்று, "முன்னால உன் அக்காவைக் கேலி பண்ணினே. இப்ப எங்க ஊர்ல கடன்பட்டவன் மூஞ்சி மாதிரி ஆயிருச்சு உன் மூஞ்சி" என்றாள். நான் யாருக்கு என்ன கடன்பட்டேன்? அவளுக்கு இதெல்லாம் புரியாது. நீயாவது புரிந்துகொள், உன்னால்தான் ஆரம்பித்தேன்.

நீ என்ன சொல்லப்போகிறாய் என்று தெரியும். சொல்லாதே. எழுநூறு வரைக்கும்தான்.

தம்பி

---

ஜூன் 11

அன்புள்ள தம்பிக்கு,

ஆறாம் தேதி நீ மூடுவாய் என்று காத்திருந்தேன். அடுத்தது ஆயிரமாவது நாள் என்று நீ அறிவித்ததாக மருந்துக்கடை அக்கா எழுதினார். கைதட்டல் ஓயவில்லையாம்.

என் போனை நீ எடுப்பதில்லை. எடுத்த ஒரு தடவையும், பின்னால் ரூம் ஓடிக்கொண்டிருந்தது, "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். மூன்று மெயிலுக்குப் பதில் இல்லை. உன் மேற்பார்வை அம்மா ஆஸ்பத்திரி நம்பரிலிருந்து இங்கே கூப்பிட்டாள். இரண்டாவது எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார்களாம், நீ அதைப் பிரிக்கவேயில்லையாம். மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். நம் வீட்டிலிருந்து யாராவது உன்னிடம் பேச முடியுமா என்று கேட்டாள். அவள் மொழி எனக்குப் பாதிதான் புரிந்தது, அது மட்டும் நன்றாகப் புரிந்தது. முயற்சி செய்கிறேன் என்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை வேறு பேரில் ஒரு கணக்குத் திறந்து உன் ரூமுக்குள் வந்தேன். என் ரூமுக்குள்தான். கிரீடம் இல்லாதவர்கள் கடைசியில், ஞாபகம் இருக்கிறதா? நாற்பது நிமிஷம் காத்திருந்தேன். நீ நன்றாகப் படிக்கிறாய். நான்கூட இவ்வளவு நன்றாகப் படித்ததில்லை. ஐயாவின் பேரை முதலில் சொன்னாய், பதில் வரவில்லை, நீ நிற்காமல் இரண்டாவது பேருக்குப் போய்விட்டாய். அவர் முந்தின நாள் காலையில் இறந்துவிட்டார் தம்பி. அவர் மகள் எனக்குப் போன் செய்து சொன்னாள். உனக்கும் மெசேஜ் போட்டாளாம்.

என் முறை வரும்முன் நேரம் முடிந்துவிடும் போலிருந்தது. என்னிடம் இருந்த ஒரு இலவச ரோஜாவை அனுப்பினேன். உடனே என் பேர் மேலே ஏறியது. "புதுசா வந்திருக்கீங்க, வாங்க வாங்க, முப்பது செகண்ட் பேசலாம்" என்று மைக்கைக் கொடுத்தாய். வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். இத்தனை மாதம் கழித்து உன்னோடு பேசுகிறேனா, எல்லாம் மறந்துவிட்டது. "தம்பி, சாப்பிட்டியாடா?" என்று மட்டும்தான் வந்தது.

நீ சிரித்தாய். "சாப்பிட்டேங்க்கா. இங்க எல்லா அக்காவும் இதையேதான் கேக்கறாங்க" என்றாய். என் குரல் உனக்குத் தெரியவில்லை. ஒரு நன்றி சொன்னாய், அடுத்த பேருக்குப் போனாய்.

கோபம் இல்லை. நான் நின்ற இடத்தில்தான் நீயும் நிற்கிறாய், அங்கே உன்னைக் கொண்டுபோய் நிறுத்தியது நான்தான். இந்தக் கடிதத்தை எப்போது திறப்பாய் என்று தெரியவில்லை. அதனால் தினமும் ஆறு மணிக்கு வருகிறேன். பூங்காவுக்குப் போவதில்லை. ஏழு நாள் விடாமல் வருகிறவர்களுக்கு ஐந்து நிமிஷம் பேசக் கொடுப்பதாக நீ எழுதிப் போட்டிருக்கிறாய். ஐந்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன்.

இன்றைக்கு எனக்கு ஐந்தாவது நாள்.

அக்கா